பாராட்டு விழாவுக்கு என் பக்கத்திலிருந்து இரண்டு பேர்

சங்கத்து உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு யாரைப் பாராட்டலாம் என்று பொருளாளர் அண்ணன் பெயர் கேட்டு மடல் போட்டிருந்தார். இதுவரை வந்த பெயர்களைப் பார்த்தேன். ஓர் இருதய டாக்டர், ஒரு ராக்கெட் இன்ஜினியர், ஐ.ஏ.எஸ். பாஸான பிள்ளை. மூன்று பேருமே தகுதியானவர்கள்தான். சிவன், நாராயணன் என்று இஸ்ரோவுக்கு இரண்டு தலைவர்களைக் கொடுத்த மாவட்டம் நம்ம கன்னியாகுமரி. ராக்கெட்காரருக்கு நம்ம ஊரில் என்றைக்கும் மாலை உண்டு. நான் சொல்ல வந்த இரண்டு பேருக்கு இதுவரை யாரும் மனசார ஒரு சோடா கூட உடைத்துக் கொடுத்ததில்லை.

நான் இருக்கும் அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் ஹ்யூமானிட்டீஸ் கவுன்சில் என்று ஒன்று உண்டு. மொழி, வரலாறு, இலக்கியம், பழங்கதை இவற்றை ஊர் அளவில் காப்பாற்றுகிறவர்களை அவற்றில் பலவும் தேடிப்பிடித்து மரியாதை செய்கின்றன. நூலகர், பள்ளிக்கூட வாத்தியார், பழைய போட்டோ சேர்க்கிற ஆள், இப்படி. அந்தச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம்ம ஊர் டீச்சரும் வில்லுப்பாட்டுப் பாடுகிற அண்ணாவியும்தான் நினைவுக்கு வருவார்கள்.

முதலில் டீச்சர். மேலத்தெருவில் இருக்கிறார், ஓய்வு பெற்று வருசம் பல ஆகிறது. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தவர்கள் என்பதால் பாட்டா காலத்து ஆதாரம், அதாவது சொத்துப் பத்திரமெல்லாம் மலையாளத்தில் கிடக்கும், நம்மில் பல வீடுகளில் இன்றைக்கும் அலமாரிக்குள் இருக்கும். பாகப்பிரிவினை, வழக்கு, பட்டா மாற்றம் என்று வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் போவது டீச்சர் வீட்டுக்குத்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்துத் தமிழில் எழுதிக் கொடுப்பார். காசு வாங்கமாட்டார். யாராவது வாழைக்குலை கொண்டு போனால் மட்டும் மறுக்கமாட்டார்.

இரண்டு வருசம் முன்னால் எங்கள் வீட்டு ஒற்றி ஆதாரம் ஒன்றைக் கொண்டு போனேன். கொல்லம் ஆண்டு 1113 மேடம் மாதம், அதாவது 1938. தொகை பணம், சக்கரம் என்கிற பழைய திருவிதாங்கூர் நாணயக் கணக்கில் இருந்தது. 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்று கணக்குச் சொல்லிவிட்டு, எல்லைகளை வாசித்துக்கொண்டே வந்தவர் கிழக்கெல்லையில் நின்றுவிட்டார். ‘எழுத்துப்பள்ளி இருந்த மனை’ என்று இருந்தது. நம்ம ஊரில் ஏடு படிக்கிற பள்ளிக்கூடம் ஒன்று இருந்திருக்கிறது! என் அப்பாவுக்கே அது தெரியாது. இப்போது அந்த இடத்தில் செல்போன் கோபுரம் நிற்கிறது.

அன்றைக்கு டீச்சர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். முஞ்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திபபுரம் இருக்கிறது இல்லையா, அங்கே 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் கோயில் கட்டி, கூடவே 95 மாணவர்கள் தங்கிப் படிக்க ஒரு சாலையும், அதாவது கல்விக்கூடமும் வைத்தான். செப்பேட்டில் இருக்கிறது. காந்தளூர்ச் சாலையின் முறைப்படி இதையும் நடத்த வேண்டும் என்று அதிலேயே எழுதி வைத்திருக்கிறான். அந்தக் காந்தளூர்ச் சாலை எது என்று ஆராய்ந்து எழுதியவர் நம்ம தேரூர்க் கவிமணி. அவரும் வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே கல்வெட்டுப் பக்கம் போனவர்தான். “அவருக்குக் கல்லு, எனக்கு முத்திரைப் பத்திரம்” என்று சிரித்தார் டீச்சர்.

இனி அண்ணாவி. வில்லுப்பாட்டு அண்ணாவியைத் தெரியாதவர்கள் இந்தக் குழுவில் இருக்கமாட்டார்கள். சின்ன வயதில் கோயில் கொடைத் திருவிழாவில் வில்லடி மேடைக்கு முன்னால் பாய் விரித்துப் படுத்தவர்கள்தானே நாம். வீசுகோல் நாணில் விழ, வில்மணி குலுங்க, குடம் ‘தும் தும்’ என்று போக, உடுக்கைக்காரர் ‘ஆமா’ போட, தூக்கத்திலேயே பாதிக் கதை காதில் இறங்கிவிடும். காப்பு, குருவடி வணக்கம், அவையடக்கம், நாட்டுவளம், அதற்கப்புறம்தான் கதை. கடைசியில் வாழி. அண்ணாவிக்கு எத்தனை கதை மனப்பாடம் என்று நான் ஒருமுறை எண்ணப் போய்ப் பாதியில் விட்டேன். அவர் அப்பா ஏட்டிலிருந்து பெயர்த்து எழுதிய நோட்டுகள் ஒரு தகரப்பெட்டியில் கிடக்கின்றன. இரண்டு நோட்டில் கரையான் ஏறிவிட்டது.

இப்போது ஒரு வெட்கக்கேடு. முந்தின கொடைக்கு நான் ஊரில் இருந்தேன், கமிட்டியிலும் இருந்தேன். அண்ணாவிக்கு நாங்கள் ஒதுக்கிய நேரம் முக்கால் மணிக்கூர். ஒன்பது மணிக்கு இன்னிசைக் கச்சேரி என்று நோட்டீஸ் அடித்தாயிற்று. மனுசன் நாட்டுவளம் பாடி முடிக்கும்போதே மைக்காரர் வந்து காதில் ஏதோ சொன்னார். அண்ணாவி கதைக்குள் போகவே இல்லை, நேரே வாழி பாடி எழுந்துவிட்டார். அப்புறம் நாங்களே மேடையில் ஏறி அவருக்குப் பொன்னாடை போட்டோம். போட்டோவில் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அந்தப் போட்டோ நம்ம குழுவில்தான் வந்தது, பதினேழு பேர் கைதட்டியிருந்தீர்கள்.

அதனால் சொல்கிறேன், பொன்னாடை, கேடயம், ‘வாழ்நாள் சாதனையாளர்’ பட்டம் எதுவும் வேண்டாம். அண்ணாவிக்கு ஒரு முழு ராத்திரி கொடுப்போம். இடலாக்குடிக்காரர் செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம், அதாவது ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைத்துப் பதில் சொல்கிற வித்தை செய்தார். அங்கே ஒருவர் மாற்றி ஒருவர் கேள்வி போட்டுக்கொண்டே இருக்க ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கேட்க ஆள் இல்லாவிட்டால் அவதானம் ஏது? வில்லும் அப்படித்தான். காலி நாற்காலிக்கு முன்னால் யாருக்குக் கதை வரும்?

செலவுக் கணக்கு பொருளாளர் அண்ணன் கேட்பார், கேட்கட்டும். வில்லுக்காரர் ஐந்து பேருக்கும் சம்பளம், அண்ணாவிக்கு மட்டும் கவர் கொடுத்து மற்றவர்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்புகிற வேலை கூடாது. நல்ல ஒலிப்பதிவுக்காரர் ஒருவர் நாகர்கோவிலிலிருந்து. தகரப்பெட்டி நோட்டுகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்ய ஒரு பையன், நோட்டு வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. டீச்சர் வீட்டில் அதே பையன் ஒரு மாதம் உட்காரட்டும். அவர் மொழிபெயர்த்த ஆதாரங்களில் வருகிற வயல், குளம், மனைப் பெயர்களை மட்டும் எழுதி வைத்தால் போதும். கைமாற்று விவரமும் ஆட்கள் பெயரும் வேண்டாம், நாளைக்குச் சண்டை வரும். போன வருசம் பந்தலுக்கும் ஷீல்டுக்கும் போன காசில் இது முடியும். குறைந்தால் என் பங்கு நான் கூட்டுகிறேன்.

இன்னொன்று. மாவட்டக் கலை மன்றம் வயதுக்கு ஏற்றபடி விருது கொடுக்கிறது, 65 தாண்டியவர்களுக்குக் ‘கலை முதுமணி’. அண்ணாவிக்கு விண்ணப்பம் எழுத ஊரில் ஆள் இல்லை, அவருக்கும் அதில் அக்கறை இல்லை. ஊருக்கு அடுத்து யார் போகிறீர்களோ அவர் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

நேற்று இரண்டு பேரிடமும் போனில் பேசிவிட்டேன். டீச்சர், “விழாவுக்கு வருகிறவர்கள் வீட்டு ஆதாரத்தையும் எடுத்துக்கொண்டு வரச்சொல்லு” என்றார். அண்ணாவி பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. “எத்தன மணி வரைக்கும் மக்கா?” என்றார். விடியும் வரை என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “அப்போ குடத்துக்கு வேற ஆளு பாக்கணும். இவனுக்குப் பத்து மணி ஆனா உறக்கம் வந்துரும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் எண்ணத்தை எழுதுங்கள். குடம் அடிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இந்தக் குழுவில் இருந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்.