மூன்று கால் சிப், மேலே 662கே: இது என்ன?

கேள்வி

யூஎஸ்பியில் ஓடும் சின்ன சென்சார் போர்டு ஒன்று திடீரென்று நின்றுவிட்டது. யூஎஸ்பி சாக்கெட் பக்கத்தில் கறுப்பாக ஒரு சிப், 3 மி.மீ. நீளம்கூட இருக்காது. ஒரு பக்கம் இரண்டு கால், எதிர்ப்பக்கம் ஒன்று. மேலே 662கே, போர்டில் யூ2. 5 வோல்ட் கொடுத்தால் சில நொடியில் விரல் வைக்க முடியாத சூடு. டிரான்சிஸ்டர் என்று நினைக்கிறேன். எதை வாங்கிப் போடுவது?

பதில் 1

எக்ஸ்சி6206, அதாவது 5 வோல்ட்டை 3.3 வோல்ட்டாக்கி நிலையாகத் தரும் ரெகுலேட்டர். மாற்றிப் போடுங்கள்.

பதில் 2

பெயர் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் குறியை மட்டும் நம்பிக் கழற்றாதீர்கள். எஸ்ஓடி-23 என்ற இந்த மூன்று கால் சின்ன உறை அளவில் முழுப் பெயர் எழுத இடமில்லை, அதனால் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் வசதிக்கு ஒரு குறி வைக்கிறார். 1ஏ என்ற குறி ஒருவரிடம் 40 வோல்ட் டிரான்சிஸ்டர், இன்னொருவரிடம் 65 வோல்ட் டிரான்சிஸ்டர்.

போர்டு சொல்வதைக் கேளுங்கள். டிரான்சிஸ்டருக்கு வழக்கமாக க்யூ, டயோடுக்கு டி என்று போடுவார்கள். யூ என்றால் ஐசி. அப்புறம் யூஎஸ்பியைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரை பீப் மோடில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும்) வைத்து எந்தக் கால் எங்கே போகிறது என்று பாருங்கள். இரண்டு கால் உள்ள பக்கம் உங்களைப் பார்த்து இருக்கட்டும்: இடது 1, வலது 2, மேலே தனியாக இருப்பது 3. எக்ஸ்சி6206 என்றால் 1 கிரவுண்டு, 2 வெளியீடு, 3 உள்ளீடு. 2-லும் 3-லும் ஆளுக்கொரு கெபாசிட்டர் கிரவுண்டுக்குப் போக வேண்டும். டிரான்சிஸ்டர் சுவிட்ச் என்றால் ஒரு காலில் பெரும்பாலும் ரெசிஸ்டர் நிற்கும்.

சூடாகிறது என்பதால் சிப்தான் போயிற்று என்று முடிவு கட்ட வேண்டாம். அதற்குப் பின்னால் லைன் கிரவுண்டோடு நேராக ஒட்டி ஷார்ட் ஆகியிருந்தாலும் இப்படித்தான் கொதிக்கும். 2-க்கும் 1-க்கும் நடுவே எத்தனை ஓம்?

கேட்டவர்

1 கிரவுண்டு, 3 யூஎஸ்பியின் 5 வோல்ட், 2 நேராக மைக்ரோகன்ட்ரோலருக்கு (போர்டை இயக்கும் சிப்) போகிறது. நடுவே 1.8 ஓம். சிப்பைக் கழற்றிவிட்டு, கால் ஒட்டியிருந்த பேடில் பார்த்தேன், அதே 1.8. அந்த லைனில் எழுத்தே இல்லாத பழுப்புக் கெபாசிட்டர் மூன்று.

பதில் 2

சிப் இல்லாமலும் ஓம் இவ்வளவு குறைவு என்றால் குற்றவாளி அந்த லைனில்தான். வோல்ட்டையும் ஆம்பியரையும் நாமே வைக்கக்கூடிய பெஞ்ச் சப்ளையில் 1 வோல்ட், அரை ஆம்பியர் வரம்பு வைத்து 2-ஆம் காலின் பேடில் கொடுங்கள், மைனஸ் கிரவுண்டில். 1 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலரை ஒன்றும் செய்யாது. மேலே ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மெல்லிசாகத் தடவிக் கண்ணெடுக்காமல் பாருங்கள். ஷார்ட் ஆன இடம்தான் முதலில் காயும். சாக்கெட்டை ஒட்டி இருக்கும் கெபாசிட்டர் மேல்தான் எனக்குச் சந்தேகம்; கேபிளைச் செருகிப் பிடுங்கும்போது போர்டு வளைந்தால் செராமிக் கெபாசிட்டர் உள்ளே விரிசல் விடும், வெளியே தெரியாது.

கேட்டவர்

சாக்கெட் ஓரத்தில் இருந்ததுதான்! அதைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் சட்டென்று காய்ந்தது. எடுத்ததும் லைன் சில கிலோ ஓம் காட்டுகிறது. அதன் மதிப்பு என்னவாக இருக்கும்?

பதில் 2

எக்ஸ்சி6206-இன் டேட்டாஷீட் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) உள்ளீடு, வெளியீடு இரண்டு பக்கமும் 1 மைக்ரோஃபாரட் காட்டுகிறது. அதையே போடுங்கள், 10 வோல்ட் தாங்குவதாக. அவ்வளவு சூட்டில் கிடந்த பழைய ரெகுலேட்டரைத் திரும்ப வைக்க வேண்டாம். வாங்கும்போது எக்ஸ்சி6206பி332எம்ஆர் என்று முழுசாகக் கேளுங்கள். அதில் 33 என்பதுதான் 3.3 வோல்ட், அதே சிப் 1.8 வோல்ட்டிலும் வருகிறது.