நஞ்சையில் மனைப்பிரிவு போட்டு வடிகாலை மூடினால் யாரிடம் முறையிடுவது?

கேள்வி: கடைமடை விவசாயி, நீடாமங்கலம் வட்டம்

அனைவருக்கும் வணக்கம். கோரையாற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலின் கடைமடையில் எங்கள் ஊர் உள்ளது. எங்களுக்கு மேல்புறம் சாலையை ஒட்டிக் கிடந்த ஏறக்குறைய ஒரு வேலி பரப்புள்ள நஞ்சையைச் சில ஆண்டுகள் தரிசாகப் போட்டுவைத்த பின்னர், இந்தக் கோடையில் சவுடு மண் அடித்து மேடாக்கி, கல் ஊன்றி மனைகளாக விற்கத் தொடங்கிவிட்டார்கள். நிலத்தின் ஒரு வரப்பை ஒட்டிச் சென்ற பாசன வாய்க்காலில் ஒரு சிமெண்டுக் குழாயைப் பதித்துவிட்டு, மறுபுறம் இருந்த வடிகாலை முழுவதுமாகத் தூர்த்து அதன்மேல் மனைப்பிரிவின் சாலையைப் போட்டிருக்கிறார்கள். பாசன நீர் குறைந்தால் முறை வைத்தாவது பாய்ச்சிக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழைநீர் வடியாமல் நின்றால் சம்பாப் பயிர் அழுகிப்போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் டி.டி.சி.பி. எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தைக் கேளுங்கள் என்கிறார்கள். நீர்வளத் துறையினர் அது தங்கள் பராமரிப்பில் உள்ள வாய்க்கால் அல்ல என்கிறார்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுவை வாங்கிக்கொண்டு சர்வேயர் வருவார் என்கிறார்கள். டெல்டாவைப் பாதுகாக்க 2020-ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டார்களே, அது இதைத் தடுக்காதா? எந்த அலுவலகத்துக்கு உண்மையான அதிகாரம் இருக்கிறது என்பதை விவரம் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற நில அளவையர், மன்னார்குடி

ஐயா, எந்த அலுவலகம் என்ற கேள்விக்கு முன்னால், தூர்க்கப்பட்ட வடிகால் ஆவணத்தில் என்னவாக இருக்கிறது என்பதை முடிவு செய்யுங்கள். புலப்படம் எனப்படும் எஃப்.எம்.பி. நகலையும் கிராம நிலங்களின் அடிப்படைப் பதிவேடான 'அ' பதிவேட்டின் விவரத்தையும் வருவாய்த் துறையின் இணையத்தளத்திலேயே எடுத்துவிடலாம். வடிகாலுக்குத் தனிப் புல எண் இருந்து, 'அ' பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு என்று பதிவாகியிருந்தால், அது அரசு நிலம். அதை யார் பராமரிக்கிறார்கள் என்பது வேறு. ஆக்கிரமிப்பை அகற்றும் பொறுப்பு 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வருவாய்த் துறையைச் சேர்ந்தது. ஏழாவது பிரிவின்கீழ் அறிவிப்புக் கொடுத்து, விளக்கம் பெற்று, ஆறாவது பிரிவின்கீழ் அகற்ற வேண்டும். சி, டி பிரிவு எனப்படும் சிறு வாய்க்கால்கள் எங்களுடையவை அல்ல என்று நீர்வளத் துறை சொல்வது தூர்வாரும் செலவைப் பற்றிய பேச்சு. ஆக்கிரமிப்புக்கு அது விடையாகாது.

எண்பதுகளில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யூ.டி.ஆர். அளவைக்குப் பிந்தைய பதிவுகளை மட்டும் பார்த்துவிட்டு வடிகாலே இல்லை என்று யாராவது சொன்னால், அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகலையும் மனுச் செய்து வாங்குங்கள். இரண்டுக்கும் இடையே வேறுபாடு தென்பட்டால் அதுவே வலுவான சான்று. மனுவில் வெறுமனே "அளந்து தர வேண்டும்" என்று எழுதாமல், வருவாய்த் துறை, நீர்வளத் துறை, ஊராட்சி ஆகிய மூன்றும் சேர்ந்து கூட்டுப் புலத்தணிக்கை செய்ய வேண்டும் என்று கேளுங்கள். தனித்தனியாக வந்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிட்டுப் போவார்; என் பணிக்காலம் முழுவதும் நான் பார்த்த காட்சி அது.

பதில்: வழக்கறிஞர், கும்பகோணம்

மேலே நண்பர் சொன்னதை வழிமொழிகிறேன். 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டத்தைப் பற்றி மக்களிடம் இருக்கும் நம்பிக்கை, அந்தச் சட்டத்தில் உள்ளதைவிடப் பெரியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களையும் உள்ளடக்கிய மண்டலத்தில், இரண்டாம் அட்டவணையில் பெயர் குறிக்கப்பட்ட தொழில்களைப் புதிதாகத் தொடங்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். எண்ணெய், எரிவாயு எடுத்தல், துத்தநாக, தாமிர உருக்காலைகள், தோல் பதனிடும் தொழில், கப்பல் உடைக்கும் தொழில் போன்றவை அதில் உண்டு; வீட்டுமனை அதில் இல்லை. அந்தச் சட்டத்தை மேற்கோள் காட்டி மனு எழுதினால், பொருந்தாது என்று ஒரே வரியில் பதில் வரும்.

உங்களுக்குப் பயன்படுவது 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். உங்கள் ஊர், அந்தச் சட்டப்படி அறிவிக்கப்பட்ட திட்டப் பகுதிக்கு வெளியே இருந்தால் அதன் 47-அ பிரிவு பொருந்தும். விளைநிலத்தை வேறு பயனுக்கு மாற்ற உள்ளாட்சி அமைப்பின் முன் அனுமதியும் நகர் ஊரமைப்பு இயக்குநரின் இசைவும் வேண்டும். 2017-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி நஞ்சையாக இருந்தால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும். ஊராட்சி ஒரு தீர்மானம் போட்டுக் கொடுத்தால் மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றுவிட்டது என்று பலர் இன்னமும் நம்புவதுதான் விற்பவர்களுக்கு வாய்ப்பாகிவிடுகிறது. அனுமதியற்ற மேம்பாட்டை நிறுத்தவும் அகற்றவும் அதே சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் அதிகாரம் இருக்கிறது.

அடுத்ததாக, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட எந்த மனைப்பிரிவையும் ரெரா எனப்படும் மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரப்படுத்தவோ விற்கவோ கூடாது. ஒரு வேலி என்பது ஆறரை ஏக்கருக்கு மேல். விலக்குக்கு இடமே இல்லை. பதிவு எண் இருக்கிறதா என்பதை அந்த ஆணையத்தின் இணையத்தளத்தில் எவரும் பார்க்கலாம். பதிவு செய்யாதவர்களுக்குத் திட்ட மதிப்பில் பத்து விழுக்காடு வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம்தருகிறது. சார்பதிவாளருக்கும் ஒரு மனு அனுப்புங்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்ததும், அதைத் தொடர்ந்து அத்தகைய பதிவை மறுக்கச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு நடைமுறைக்கு வந்ததும் நினைவிருக்கும். அங்கீகாரமற்ற மனைகளை முறைப்படுத்தும் 2017-இன் வரன்முறைத் திட்டம் 20.10.2016 வரை பதிவான மனைகளுக்கானது. இந்த ஆண்டு கல் ஊன்றியவர்கள் அதற்குள் நுழைய முடியாது.

பதில்: மனை வாங்கியவன், தஞ்சாவூர்

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நஞ்சையை விற்பவர்களும் விவசாயிகள்தாம்; கட்டுப்படியாகாததால் விற்கிறார்கள். நகரத்துக்குள் மனை வாங்க வழியில்லாத என்னைப் போன்றவர்கள் சாலையோரக் கிராமங்களுக்கு வருகிறோம். அங்கீகாரம் உண்டா என்று கேட்காமல் வாங்குவது எங்கள் குற்றம் என்றால், வடிகாலை மூடாத மனைப்பிரிவுக்கு விரைவாக அங்கீகாரம் கொடுக்காதது யார் குற்றம்? இன்னொன்றும் உண்டு. அகலப்படுத்தப்படும் சாலைகளின் மண்மேடு வயலைக் குறுக்கே வெட்டிச் செல்லும் இடங்களில் பாலக் கண்கள் போதவில்லை என்ற குறை டெல்டா விவசாயிகளிடமிருந்து தொடர்ந்து எழுகிறது. தனியார் மூடினால் ஆக்கிரமிப்பு, நெடுஞ்சாலைத் துறை மூடினால் வளர்ச்சியா? தண்ணீருக்கு இந்த வேறுபாடு தெரியாது.

கேட்டவரின் மறுமொழி: கடைமடை விவசாயி

வீட்டுக்கு யாரும் எதிரி அல்ல, நண்பரே. அந்த மனைகளை வாங்குகிறவர்கள் வீட்டிலும் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கத்தான் போகிறது. எஃப்.எம்.பி.யை எடுத்துப் பார்த்துவிட்டேன். வடிகாலுக்குத் தனிப் புல எண் இருக்கிறது, வாய்க்கால் புறம்போக்கு என்றே பதிவாகியிருக்கிறது. ஆனால் குழாய் பதித்த பாசன வாய்க்கால் பட்டா நிலத்துக்குள் அடங்கியிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மனு போதுமா?

பதில்: வழக்கறிஞர், கும்பகோணம்

போதாது, ஒன்றாக எழுதினால் பட்டா வாய்க்காலைக் காரணம் காட்டி, உரிமையியல் நீதிமன்றத்தை நாடுமாறு சொல்லி மனு முழுவதையும் முடித்துவைப்பார்கள். பட்டாவுக்குள் இருந்தாலும், அந்த வாய்க்கால் வழியே இருபது ஆண்டுகளுக்குக் குறையாமல் தடையின்றி உரிமையோடு நீர் பாய்ச்சி வந்திருந்தால், 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் 15-ஆம் பிரிவின்கீழ் உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கு உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. சாகுபடிக் கணக்கான அடங்கலின் நகல்களையும் தீர்வை ரசீதுகளையும் சேர்த்து வையுங்கள்.

வடிகாலுக்கு வட்டாட்சியர், கோட்டாட்சியர், ஆட்சியர் என்ற வரிசையில் மனு கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொண்டு, மாதந்தோறும் ஆட்சியர் தலைமையில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் அதையே எழுப்புங்கள். நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு, இந்தப் புல எண்களுக்கு நிலப்பயன் மாற்ற அனுமதி கொடுக்கப்பட்டதா, நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று பெறப்பட்டதா என்று மட்டும் கேளுங்கள். முப்பது நாளில் வரும் பதிலோ, வராத பதிலோ, இரண்டுமே நீதிமன்றத்தில் பயன்படும். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு என்ற நிலை வந்தால் திருவாரூர் மாவட்டத்தினர் சென்னைக்குத்தான் செல்ல வேண்டும். தஞ்சாவூர் மாவட்டத்துக்கு மதுரைக் கிளை. பொது நிலங்களை ஆக்கிரமித்தவர்களை வெளியேற்றத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் ஆணையிட்டிருப்பதை மனுவில் குறிப்பிடலாம்.

பதில்: ஓய்வுபெற்ற நில அளவையர், மன்னார்குடி

இவை எல்லாம் நடந்து முடிவதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும் என்பதால் ஒன்று சொல்கிறேன். பொதுமக்கள் பயன்படுத்தும் ஆற்றிலோ வாய்க்காலிலோ சட்டவிரோதத் தடை ஏற்பட்டால் அதை அகற்ற நிபந்தனை ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் கோட்டாட்சியருக்கு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் 152-ஆம் பிரிவாக உள்ளது. வடிகாலின் புலப்படத்தையும், மூடுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும், அந்த வடிகாலை நம்பியுள்ள விவசாயிகளின் கையொப்பங்களையும் இணைத்து, இந்தப் பிரிவைப் பெயர் சொல்லிக் கோட்டாட்சியரிடம் தனி மனுவாகக் கொடுங்கள். புரட்டாசி பிறப்பதற்குள் கொடுத்துவிடுங்கள். சாலை போட்ட இடத்தை வெட்டித் திறக்க மண் காய்ந்திருக்க வேண்டும்.