ஜிமெயிலைத் திறந்து தருகிறேன் என்கிறான், நம்பலாமா?

கடைக்காரன்:
மச்சானும் நானும் சேர்ந்து பாத்திரக் கடை வைத்திருக்கிறோம். ஆறு மாதமாக மொத்த ஆர்டர் எல்லாம் வேறு பெயரில் போகிறது என்று சந்தேகம். டெலிகிராமில் ஒருவன் 18,000 ரூபாய்க்கு அவர் மெயிலைத் திறந்து தருகிறேன், பாதி அட்வான்ஸ், இன்பாக்ஸ் ஸ்கிரீன்ஷாட் காட்டிய பிறகு மீதி என்கிறான். யாருக்காவது அனுபவம் உண்டா?

பட்டவன்:
அண்ணே, ஸ்கிரீன்ஷாட் எனக்கும் வந்தது. பெயர், போட்டோ எல்லாம் சரி, ஆனால் இன்பாக்ஸில் இருந்த ஏழு மெயிலும் ஒரே நிமிடத்தில் வந்ததாக இருந்தது! அப்புறம் 'சர்வர் சார்ஜ்' 6,000 கேட்டான், தரமாட்டேன் என்றதும் நான் அனுப்பிய மெசேஜை எல்லாம் அந்த ஆளுக்கே அனுப்பிவிடுவேன் என்று மிரட்ட ஆரம்பித்தான். இதைப் போலீஸில் எப்படிப் போய்ச் சொல்வது?

ராத்திரி ஷிப்ட்:
பெரும்பாலும் இப்படித்தான். 2019இல் கூகுள் ஆட்களும் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆட்களும் பொய்க் கணக்குகளை உருவாக்கி, அவற்றை உடைத்துத் தரச் சொல்லி இந்த மாதிரி 27 இடங்களில் கேட்டுப் பார்த்தார்கள். உண்மையில் வேலையில் இறங்கியது ஐந்துதான். அவர்களும் சர்வரை உடைப்பதில்லை, தெரிந்தவர் அனுப்பியது மாதிரி மெயில் விட்டு, போலி லாகின் பக்கத்தில் பாஸ்வேர்டும் ஓடிபியும் வாங்கிக்கொள்வதுதான் வழி. உங்கள் மச்சானுக்கு வரும் மெயில் உங்கள் பெயரிலேயே வரலாம், யோசித்துக்கொள்ளுங்கள்.

வேலை கொடுத்தவனும் தப்ப முடியாது. அவிராம் அஜாரி என்ற இஸ்ரேலிய துப்பறிவாளர் இந்திய ஹேக்கர்களை வைத்துப் பருவநிலை ஆர்வலர்கள் உட்படப் பலரின் மெயிலைக் குறிவைத்தார். 2023இல் நியூயார்க் நீதிமன்றம் கொடுத்தது 80 மாதச் சிறை.

கோர்ட்டுக்குப் போனவள்:
ஐடி சட்டம் 66இன்படி மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். தூண்டிவிட்டவருக்கும் அதே தண்டனைதான், 84பி. அதை விடுங்கள், நீங்கள் பார்ட்னர்தானே? 1932 கூட்டாண்மைச் சட்டம் 12ஆவது பிரிவில் கணக்குப் புத்தகங்களைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. பேங்க் ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டி ரிட்டர்ன், பில்புக் மூன்றையும் ஆடிட்டரிடம் கொடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள், ஆர்டர் எங்கே போகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். மச்சான் தரமாட்டேன் என்றால் வக்கீல் நோட்டீஸ்.

கடைக்காரன்:
பில்புக் என் மேஜை டிராயரிலேயே இருக்கிறது, இத்தனை நாள் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. டெலிகிராம்காரனை பிளாக் செய்துவிட்டேன். வேறு நம்பரிலிருந்து வருகிறான், "சார், கடைசி விலை 9,000".