சைக்கிள்ல இடது கால் மிதிக்கும்போது மட்டும் ‘டக்’னு சத்தம், பிபி (பாட்டம் பிராக்கெட், மிதி ஆக்சில் சுத்தற பேரிங் செட்) மாத்தியும் போகல, யாராவது உதவி பண்ணுங்க

மேம்பாலம் பீதி:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு மாசமா இந்த சத்தத்தோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன், இனிமே நானா கண்டுபிடிக்க முடியாதுன்னு தோணுச்சு, அதான் இங்க வந்து கொட்டறேன். வண்டி அலுமினியம் ஃப்ரேம் ஹைப்ரிட், முன்னாடி 42 பல்லு ஒரே செயின் வீல், பின்னாடி 7 கியர், வாங்கி மூணு வருஷம் ஆச்சு. தினமும் வேளச்சேரிலேர்ந்து தாம்பரம் போய்ட்டு வரேன். மழை சமயத்துல பள்ளிக்கரணை கிட்ட முட்டி வரைக்கும் தண்ணி, இறங்கி தள்ளாம அப்படியே மிதிச்சுட்டு வந்தேன் (தெரியும், தப்புதான், திட்டாதீங்க). அது முடிஞ்சு ஒரு வாரத்துல ஆரம்பிச்சது.

சமதளத்துல ஒண்ணும் இல்ல. மேடவாக்கம் மேம்பாலம் ஏற ஆரம்பிச்சா டக்... டக்... டக்... மிதி ஒரு சுத்து சுத்தினா ஒரு தடவ. பக்கத்துல போற ஸ்கூட்டர்காரரே குனிஞ்சு என் வண்டிய பாக்கறாரு. தெருமுனை கடைல காட்டினேன், ஓட்டிக்கூட பாக்கல, "பிபி போச்சு சார்"னு சொல்லி புதுசா சீல்டு பிபி போட்டு கூலியோட 850 வாங்கிட்டாரு. ரெண்டு நாள் சத்தமே இல்ல, நானும் சந்தோஷமா சுத்தினேன், மூணாவது நாள் அதே மேம்பாலம் அதே டக். திரும்ப போனா "அப்போ ஃப்ரேம்ல கிராக் இருக்கும்"ங்கறாரு. வயித்துல புளிய கரைக்குது.

சும்மா எட்டிப்பாத்தேன்:
பிபி மேல டபிள்யூடி 40 அடிச்சு பாருங்க ப்ரோ, எனக்கு கதவு சத்தமே போச்சு

கிரீஸ் கை:
ஐயோ அத பண்ணாதீங்க. அது கிரீஸ் இல்ல, உள்ள இருக்கற கிரீஸையும் கரைச்சு வெளிய விட்டுடும். கதவு வேற பேரிங் வேற.

பீதி, ஃப்ரேம் கிராக்னு இப்பவே பயப்படாதீங்க, அது லிஸ்ட்ல கடைசி. நீங்க எழுதினதுலயே ஒரு துப்பு இருக்கு ஆனா அதுக்கு அப்புறம் வரேன், மொதல்ல நாலு விஷயம் பாத்து சொல்லுங்க. மிதிக்காம சும்மா உருட்டினா சத்தம் வருதா? சீட்லேர்ந்து எழுந்து நின்னு மிதிச்சா வருதா? எந்தக் கால் கீழ போகும்போது வருது? அப்புறம் உண்மையாவே சுத்துக்கு ஒண்ணுதானா, எண்ணிப்பாருங்க, நினைவுல சொல்லாதீங்க.

ஏன் எண்ண சொல்றேன்னா, பின்னாடி 14 பல்லுல இருந்தீங்கன்னா மிதி ஒரு சுத்துக்கு வீல் மூணு சுத்து சுத்தும், அப்போ வீல் சத்தம்னா மூணு தடவ கேக்கணும். செயின்ல ஒரு கண்ணி இறுகிப்போயிருந்தா அது வேற கணக்கு, செயின்ல 112 கண்ணின்னு வச்சா 42 பல்லுக்கு கிட்டத்தட்ட ரெண்டே முக்கால் சுத்துக்கு ஒரு தடவதான் அந்தக் கண்ணி வரும். சுத்துக்கு சரியா ஒண்ணுன்னா பெடல், கிராங்க் (பெடலையும் ஆக்சிலையும் சேக்கற கை), செயின் வீல் போல்ட், பிபி, இதுக்குள்ளதான் இருக்கு. சில சமயம் சீட்டும், ஏன்னா நாம மிதிக்கற தாளத்துக்கு இடுப்பும் ஆடும்ல.

ஈசிஆர் காலை அஞ்சு மணி:
எனக்கு இதே மாதிரி வந்து நானும் பிபிய சந்தேகப்பட்டு கடைசில பெடல்னு தெரிஞ்சுது. ஃப்ரெண்டு பெடலை மாட்டி ஓட்டினேன், சத்தம் காணோம். கடல் காத்துல பெடல் மரை காஞ்சு உப்பு பூத்து இருந்தது, தொடச்சு கிரீஸ் வச்சதும் சரியாச்சு. இடது பெடல் ரிவர்ஸ் மரை, ஞாபகம் வச்சுக்கோங்க. நான் தெரியாம தப்பு பக்கம் திருகி, ஸ்பேனர் வழுக்கி, முட்டிய செயின் வீல்ல கிழிச்சுக்கிட்டது தனி கதை, தழும்பு இன்னும் இருக்கு.

மேம்பாலம் பீதி:
இன்னைக்கு காலைல பொறுமையா பண்ணேன். உருட்டினா சத்தம் இல்ல. நின்னு மிதிச்சா இன்னும் ஜாஸ்தி, அதனால சீட் இல்ல. எண்ணிப்பாத்தேன், சுத்துக்கு சரியா ஒண்ணு. வலது கால எடுத்துட்டு இடது கால் மட்டும் வச்சு மிதிச்சேன் (ரோட்டுல ஒரு மாதிரி பாத்தாங்க), அப்பவும் டக். வலது கால் மட்டும்னா சத்தமே இல்ல. சாயந்திரம் தம்பி சைக்கிள் பெடலை மாட்டி பாத்தேன், அப்பவும் டக். பெடல் இல்ல போல.

ரோட்ஸ்டர் தாத்தா:
தம்பி, எங்க காலத்து 22 இஞ்ச் வண்டில இந்த சத்தம் வந்தா கண்ண மூடிட்டு காட்டர் பின்னுனு சொல்லிடலாம். ஆக்சிலையும் கிராங்கையும் சேத்து பிடிக்கற ஆப்பு அது. பின் தேஞ்சா மிதி மேலேர்ந்து கீழ இறங்கும்போது டக்குனு ஒரு குத்து விடும், கால்ல தெரியும். மாத்தும்போது கிராங்குக்கு அடில ஒரு இரும்பு பைப்பு முட்டு குடுத்துட்டுதான் சுத்தியல் போடணும், இல்லேனா அடி பூரா உள்ள இருக்கற குண்டுலயும் கப்புலயும் இறங்கும். நட்டை வச்சு இழுத்து பின்னை இறுக்க பாக்கறவன் மரையத்தான் கெடுப்பான், அடிச்சு உக்கார வச்ச பின்னு நழுவாம பிடிக்கறதோட நட்டு வேலை முடிஞ்சுது. ரெண்டு பின்னையும் ஒரே மாதிரி போடணும், ஒண்ண திருப்பி போட்டா ரெண்டு மிதியும் நேர்கோட்டுல நிக்காது, நொண்டி மாதிரி மிதிக்கணும். உங்க வண்டில பின்னு இருக்காது, சதுர ஆக்சிலா இருக்கும், அதோட நுனி கிராங்க்ல இருக்கற சதுர ஓட்டைல உக்காரும். ஆனா வியாதி அதேதான்னு எனக்கு தோணுது.

கிரீஸ் கை:
தாத்தா சொன்னது நூத்துக்கு நூறு. இப்போ நான் சொன்ன துப்புக்கு வரேன். பிபி மாத்தினதும் ரெண்டு நாள் சத்தம் இல்லைன்னீங்கல்ல, அது புது பிபியால இல்ல. பிபிய கழட்டணும்னா ரெண்டு கிராங்கையும் கழட்டி ஆகணும், திரும்ப மாட்டும்போது போல்ட்டை இறுக்கியிருப்பாரு. அந்த இறுக்கம் ரெண்டு நாள் தாங்கியிருக்கு. அவ்வளவுதான்.

ஒரு டெஸ்ட் பண்ணுங்க. வண்டிய சுவத்துல சாச்சு, ரெண்டு கைலயும் ரெண்டு கிராங்கை பிடிச்சு, சுத்தாம, ஃப்ரேம் பக்கமா உள்ளயும் வெளியவும் ஆட்டுங்க. ரெண்டும் சேந்து ஆடினா பிபி ஆட்டம். இடது மட்டும் ஆடி வலது அசையாம நின்னா இடது கிராங்கோட சதுர ஓட்டை. ஆட்டம் ஒரு மயிரிழை இருந்தாலே போதும், ஏறும்போது டக்குனு காட்டிக்குடுத்துடும், அலுமினியம் குழாய் வேற உடுக்கை மாதிரி அத பெருசாக்கும்.

ஏன் எப்பவும் இடதுன்னு கேப்பீங்க. செயின் வீல் வலது கிராங்கோடவே இருக்கு, வலது கால் பலம் நேரா செயினுக்கு போயிடுது. இடது கால் பலம் மட்டும் இடது சதுரம் வழியா ஆக்சிலுக்குள்ள போய் அந்தப் பக்கம் வரணும். அது மட்டும் இல்ல, ஸ்பீடு பிரேக்கர் வரும்போது ரெண்டு மிதியையும் சமமா வச்சு எழுந்து நிப்போம்ல, வலது கால் முன்னாடி இருந்தா இடது சதுரத்துக்கு அப்போ திருகல் எதிர்பக்கமா விழும். இப்படி முன்னுக்கும் பின்னுக்கும் ஆடி ஆடித்தான் லூசாகுது. நம்ம ஊர்ல ஸ்பீடு பிரேக்கருக்கா பஞ்சம்.

மேம்பாலம் பீதி:
அண்ணா!!! இடது மட்டும் ஆடுது! ரொம்ப லேசா, ஆனா ஆடுது. வலது கல்லு மாதிரி நிக்குது. போல்ட் மூடிய எடுத்து பாத்தா சுத்தி கருப்பா மை மாதிரி ஒரு பொடி. 8 எம்எம் அலன் கீ வச்சு திருகினேன், அரை சுத்து போச்சு. மேம்பாலம் ஏறினேன், சத்தம் இல்ல. முடிஞ்சுதா?

கிரீஸ் கை:
முடியல, வருத்தமா இருக்கு ஆனா சொல்லித்தான் ஆகணும். அந்தக் கருப்பு, அலுமினியம் தேஞ்ச பொடி. ஒரு மாசம் லூசா ஓட்டியிருக்கீங்க, ஓட்டை மூலையெல்லாம் உருண்டிருக்கும், இறுக்கினா ரெண்டு நாள் நிக்கும் மறுபடி லூசாகும். போல்ட்டை கழட்டி உள்ள பாருங்க, ஆக்சில் நுனிக்கும் கிராங்க்ல வாஷர் உக்கார்ற இடத்துக்கும் நடுவுல கொஞ்சம் பள்ளம் இருக்கணும். ரெண்டும் ஒரே மட்டமா இருந்தா போல்ட் ஆக்சில்லயே முட்டிடும், நீங்க எவ்வளவு இறுக்கினாலும் கிராங்கை அமுக்காது.

சும்மா எட்டிப்பாத்தேன்:
யூடியூப்ல கூல்டிரிங்ஸ் டின்ன வெட்டி அந்த தகட்ட ஆக்சில் மேல சுத்தி அடிச்சு ஏத்தறாங்களே, பைசா செலவு இல்ல

ஈசிஆர் காலை அஞ்சு மணி:
வீடு வந்து சேர்றதுக்கு ஓகே. அத நம்பி தாம்பரம் ரோட்டுல பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவுல எழுந்து நின்னு மிதிப்பீங்களா? கிராங்க் கழண்டு கால் கீழ போச்சுன்னா ஹேண்டில்பார்ல நெஞ்சு மோதும். நான் வேணாம்பேன்.

மேம்பாலம் பீதி:
நீங்க சொன்ன மாதிரியே நாலாவது நாள் வந்துடுச்சு. சரி கழட்டலாம்னு இறங்கினேன், கிராங்க் வரவே மாட்டேங்குது, சுத்தியல் எடுக்கலாமா?

கிரீஸ் கை:
சுத்தியல கீழ வைங்க. புல்லர் (கிராங்கை இழுத்து கழட்டற கருவி) வேணும், 250 ரூபாக்குள்ள கிடைக்கும். மொதல்ல போல்ட்டும் வாஷரும் முழுசா வெளிய வந்துடுச்சான்னு ஒரு தடவைக்கு ரெண்டு தடவ பாருங்க, வாஷர் உள்ளயே இருந்து புல்லரை திருகினா கிராங்க் மரை மொத்தமா பிச்சுக்கிட்டு வந்துடும், அப்புறம் ரம்பம்தான். புல்லரை கைலயே கடைசி வரைக்கும் திருகி உக்கார வச்சுட்டு அதுக்கப்புறம் நடுத்தண்டை ஸ்பேனரால இறுக்குங்க.

மேம்பாலம் பீதி:
வந்துடுச்சு, ‘டொப்’புனு ஒரு சத்தம், எனக்கு உயிரே போய்டுச்சு. சதுர ஓட்டை சதுரமாவே இல்ல அண்ணா, மூலையெல்லாம் மழுங்கி ஒரு பக்கம் பளபளன்னு கோடு. ஆக்சில தடவி பாத்தேன், அது ஸ்டீலு, ஒரு கீறல் இல்ல. இடது கிராங்க் மட்டும் தனியா கிடைக்குமா? சதுரத்துக்கு கிரீஸ் வைக்கணுமா வேணாமா, ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

ரோட்ஸ்டர் தாத்தா:
கிடைக்கும் தம்பி. பழைய கிராங்க் பின்பக்கம் 170னு (மில்லிமீட்டர் நீளம்) அடிச்சிருக்கும், அதே நீளம் பாத்து வாங்கு, 165 மாட்டினா ஒரு கால் குட்டையான மாதிரி இருக்கும். பழச கையோட எடுத்துட்டு போ, ஃபோன்ல படம் காட்டாத.

கிரீஸ் கை:
கிரீஸ் விஷயத்துல சண்டை ஓயாது. நான் சதுரத்த சுத்தமா தொடச்சு, துணில ஒட்டின அளவு கிரீஸ் மெல்லிசா தேய்ப்பேன், போல்ட் மரைக்கு கண்டிப்பா வைப்பேன். சிலர் சதுரத்துக்கு ஒரு சொட்டு கூட கூடாதும்பாங்க, அவங்க கிராங்கும் நிக்கத்தான் செய்யுது. முக்கியம் இறுக்கம்தான், 35லேர்ந்து 45 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்த அளந்து காட்டற ஸ்பேனர்) இல்லேனா 20 சென்டிமீட்டர் கைப்பிடி இருக்கற கீயோட நுனில 20 கிலோ அளவு அழுத்தினா ஏறக்குறைய 40 வந்துடும், வீட்டு வெயிட் மெஷின கையால அமுக்கி 20 கிலோன்னா எவ்வளவுன்னு பழகிக்கோங்க. நீங்க அரை ஜான் கூட இல்லாத குட்டி அலன் கீல பண்ணியிருப்பீங்க, அதுல அந்த பலம் வராது. 50 கிலோமீட்டர் ஓடினதும் ஒரே ஒரு தடவ செக் பண்ணுங்க, வாரா வாரம் இறுக்கிட்டே போகாதீங்க, சாய்வான சதுரம்ல, ஏறிக்கிட்டே போய் ஓட்டை விரிஞ்சுடும்.

மேம்பாலம் பீதி:
அப்டேட். இடது கிராங்க் 350 ரூபா, பாரிமுனை பக்கம் போய் வாங்கினேன். மாட்டி ரெண்டு வாரம் ஆச்சு, 200 கிலோமீட்டருக்கு மேல ஓடிடுச்சு, மேம்பாலத்துல என் மூச்சு சத்தம் மட்டும்தான் கேக்குது. நடுவுல ஒரு நாள் ‘டிக் டிக்’னு மறுபடி வந்து பதறிட்டேன், அப்புறம் பாத்தா ஷூ லேஸ் நுனி கிராங்க்ல தட்டுது, அத ஷூக்குள்ள சொருகினதும் போச்சு, இத சொல்லவே வெக்கமா இருக்கு.

வலிக்கறது 850 ரூபாதான். கடைக்காரர்கிட்ட கேட்டு அந்தப் பழைய பிபிய வாங்கிட்டு வந்தேன், கைல சுத்தினா வெண்ணெய் மாதிரி சுத்துது, வெள்ளத்துல முங்கினதுக்கு ஒண்ணுமே ஆகல.

ஈசிஆர் காலை அஞ்சு மணி:
அந்த பிபி சைஸ் 68க்கு 122.5ஆ (கூடு அகலம், ஆக்சில் நீளம், மில்லிமீட்டர்ல)? எனக்கு ஒண்ணு வேணும், உண்மையாவே போயிடுச்சு

மேம்பாலம் பீதி:
மேல அழிஞ்ச எழுத்துல 122.5ன்னுதான் தெரியுது. ஞாயித்துக்கிழமை ஈசிஆர் வரேன், கொண்டு வரவா? ஆனா மொதல்ல ரெண்டு கிராங்கையும் பிடிச்சு ஆட்டிப்பாத்தீங்களா?