சுரங்கத்து நெற்றி லைற் பற்றரி ரெண்டு கிடக்கு, எது என்ன வகை எண்டு கண்டுபிடிக்க உதவி வேணும்

கொக்குவில்பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம். அம்மப்பா அந்தக் காலத்தில கேகாலைப் பக்கம் போகலை காரீயச் சுரங்கத்தில (பென்சில் கூருக்குப் போடுற கிராபைற்) ஸ்ரோர் கீப்பரா இருந்தவர். அவற்ற பழைய றங்குப் பெட்டியைத் திறந்தா சுரங்கத்துக்குள்ள தொப்பியில கொழுவுற லைற் ரெண்டு, இடுப்புப் பெல்ற்றில போடுற பற்றரியோட அப்பிடியே கிடக்கு. ஒண்டு கறுப்புப் பெட்டி, கெட்டி றப்பர் மாதிரி, சரியான பாரம், லேபிளில ஓல்ட்ஹாம், டென்ரன், மான்செஸ்ரர் எண்டு அரைகுறையா வாசிக்கலாம், மேல தண்ணி விடுற மூடி ரெண்டு. மற்றது பளபளப்பா பூச்சுப் போட்ட இரும்புப் பெட்டி, பேர் ஒண்டும் இல்லை, மூடியைச் சுத்தி வெள்ளையா உப்புப் பூத்துக் கிடக்கு. மீற்றரில கறுப்பு 0.3 வோல்ற் காட்டுது, இரும்பு பூச்சியம். மச்சான் மோட்டச்சைக்கிள் சார்ஜரில கொழுவிப் பாப்பம் எண்டு ஒத்தக்காலில நிக்கிறான். விடலாமோ? ரெண்டும் ஒரே வகைதானோ?

பற்றரிக்கடைஅண்ணை:
தம்பி முதல்ல மச்சானைத் தடுங்கோ. மோட்டச்சைக்கிள் சார்ஜர் 12 வோல்ற் பற்றரிக்குச் செய்தது, உங்கட கறுப்புப் பெட்டி 4 வோல்ற், கொழுவினா கொதிச்சு அசிற்றைத் துப்பும், வாற வாயு ஹைட்ரஜன், பக்கத்தில ஒரு பொறி பறந்தாக் காணும்.

ரெண்டும் ஒரே வகை இல்லை எண்டுதான் நினைக்கிறன். கறுப்புப் பெட்டி ஈய அசிற் வகை. ஈயச் செல் ஒண்டு 2 வோல்ற், ரெண்டு மூடி எண்டா ரெண்டு செல், மொத்தம் 4. இரும்புப் பெட்டி அனேகமா நிக்கல் வகை, உள்ளுக்க அசிற் இல்லை, பொட்டாசியம் ஹைட்ரொக்சைட் எண்ட காரம். அந்த வெள்ளை உப்பு, கசிஞ்ச காரம் காத்தில இருக்கிற காபனீரொக்சைட்டோட சேந்து வந்த பொட்டாசியம் காபனேற்று. நிக்கல் செல் ஒண்டு 1.2 வோல்ற்தான்.

ஆனா வோல்ற்றை மட்டும் பாத்து முடிவெடுக்கப்படாது. நிக்கல் செல் மூண்டு சேந்தது சார்ஜில இருந்து எடுத்த கையோட 4 வோல்ற்றுக்கு மேலயும் காட்டும், ஈயம் எண்டு ஏமாந்து போவியள். அதால மூடியை எண்ணுங்கோ, காந்தத்தையும் ஒட்டிப் பாருங்கோ, நிக்கல் செல்லின்ர கூடு உருக்கு, இழுக்கும். அதுக்கும் மேல சந்தேகம் எண்டா மஞ்சள் தண்ணியில தோய்ச்சுக் காயவைச்ச வெள்ளைத் தாளை எடுத்து ஈரமாக்கி அந்த உப்பில தொடுங்கோ, காரம் எண்டா செங்கபிலமா மாறும், அசிற்றுக்கு மஞ்சள் மஞ்சளாவே கிடக்கும். பள்ளிக்கூடத்துப் பாசிச்சாயத்தாள் கிடைச்சா இன்னும் நல்லது. கையுறையும் கண்ணாடியும் போடாமல் தொடாதேங்கோ, காரம் கண்ணில பட்டா அசிற்றை விடவும் மோசம்.

ஸ்காபரோவாசி:
நான் உப்பிடியான லைற்றுகள் சேர்க்கிறனான், அதால கொஞ்சம் நீட்டிக் கதைக்கப்போறன், பொறுங்கோ. நிக்கல் இரும்பு செல்லை எடிசனும் நிக்கல் கட்மியத்தை சுவீடன்காரர் யுங்னரும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில, 1900ஐ ஒட்டி, கொண்டந்தவை. ஈயம் இன்னும் பழசு, 1859இல பிளாண்டே. அமெரிக்கச் சுரங்கங்களில எண்ணெய் விளக்குச் சுவாலையால மீதேன் பத்தி ஆக்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில 1914இல எம்எஸ்ஏ எண்ட சுரங்கப் பாதுகாப்புச் சாமான் கொம்பனியைத் தொடங்கின ரெண்டு எஞ்சினியர்மார் எடிசனோட சேந்து தொப்பி லைற் செய்விச்சவை. அதில குமிழ் உடைஞ்சா உள்ள இருக்கிற ஸ்பிரிங் குமிழின்ர அடியைத் தள்ளிக் கறண்டைத் துண்டிச்சுப்போடும், சூடான இழை வாயுவில படாது. நல்ல மூளை!

வயசு பாக்க லேபிள்தான் உதவும். இங்கிலாந்துச் சாமானில அங்கீகாரம் குடுத்த இடமா எரிபொருள் மின்வலு அமைச்சு எண்ட பேர் இருந்தா 1957க்கு முந்தி, வெறும் மின்வலு அமைச்சு எண்டா அதுக்குப் பிறகு 1969 மட்டும். அமெரிக்கன் எண்டா பியூரோ ஒஃப் மைன்ஸ், அதாவது அங்கத்தைய சுரங்கத் திணைக்களம், எண்டு கிடக்கும். பெட்டி மூடியில பூட்டு ஒண்டு இருக்கோ பாருங்கோ, சுரங்கத்துக்குள்ள ஆரும் திறக்கப்படாது எண்டு போட்டது, நெம்பி உடைச்சுப்போடாதேங்கோ, சேகரிக்கிற ஆக்களுக்கு அதுதான் பெறுமதி.

எது திறம் எண்டு கேட்டா, வெளிச்சத்துக்கு ஈயம். ஒரு ஷிப்ற் முழுக்க வோல்ற் பெருசா இறங்காமல் நிக்கும், ஆனா வெறுமையா விட்டா தகட்டில சல்பேற் இறுகிச் செத்துப்போம். நிக்கல் இரும்பு மாடு மாதிரி, எவ்வளவு வதைச்சாலும் தாங்கும், வருசக்கணக்கா பூச்சியத்தில கிடந்தாலும் எழும்பக்கூடும். குறை என்னெண்டா சும்மா வைச்சாலே மாசத்துக்கு நாலில ஒரு பங்குக்குக் கிட்ட வடிஞ்சுபோம், சார்ஜ் பண்ணேக்க தண்ணியும் குடிக்கும்.

வல்வெட்டித்துறையான்:
90களில உது என்ர கையில கிடைச்சிருக்கோணும்! பொருளாதாரத் தடையில ரோச் பற்றரி ஒண்டு காண ஏலாது, செத்த பற்றரியை வெயிலில காயப்போட்டு, சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ செய்தி கேட்ட ஆக்கள் நாங்கள். சரி பகிடியை விடுவம், இரவில நண்டு பிடிக்கப் போறதுக்கு உது உதவுமோ?

பற்றரிக்கடைஅண்ணை:
விசர்க்கதை. பற்றரி மட்டும் ரெண்டு கிலோவுக்குக் கிட்ட வரும், உப்புத்தண்ணிக்குள்ள கவிழ்ந்தா இடுப்பில காரம். கடையில விக்கிற லிதியம் எல்இடி ஒண்டை வாங்குங்கோ, கையளவு பாரம்கூட இல்லை.

கொக்குவில்பெடியன்:
இரும்புப் பெட்டிக்கு மேலால ஒரு தகடு மூடியிருந்தது, கழட்டினா மூடி மூண்டு! மஞ்சள் தாள் உடன சிவந்துது, காந்தமும் இழுக்குது. அப்ப காரம்தான். ஆனா நிக்கல் இரும்போ கட்மியமோ எண்டு எப்பிடித் தெரியும்? சார்ஜ் பண்ண ஏலுமோ?

பற்றரிக்கடைஅண்ணை:
வெளியால பாத்துச் சொல்ல ஏலாது, அதால கட்மியம் எண்டே நினைச்சு நடவுங்கோ, அது நஞ்சு. செல்லை வெட்டவோ உரஞ்சவோ வேண்டாம். உப்பை ஈரத்துணியால துடையுங்கோ, வினாகிரி போடுறதெண்டா வெளியால மட்டும், ஒரு சொட்டும் உள்ள போகப்படாது. செல்லுக்குள்ள இருக்கிற தகடுகள் மூடுற மட்டத்துக்குக் காய்ச்சி வடிச்ச தண்ணி விடுங்கோ. அசிற் பற்றரிக்குப் பாவிச்ச புனல், அடர்த்தி பாக்கிற கண்ணாடிக்குழாய் ஒண்டையும் இதுக்குக் கிட்டவும் கொண்டுபோகாதேங்கோ, கொஞ்ச அசிற்றே நிக்கல் செல்லைக் கெடுத்துப்போடும். அந்தக் குழாயால பிரயோசனமும் இல்லை, ஈயத்தில சார்ஜ் ஏற அசிற் அடர்த்தி ஏறும், நிக்கலில காரத்தின்ர அடர்த்தி 1.2ஐ ஒட்டி அப்பிடியே நிக்கும்.

பிறகு வோல்ற்றும் அம்பியரும் திருப்பக்கூடிய சப்ளை ஒண்டில அரை அம்பியர் வைச்சு, மூடியைத் தளர்த்தி, காத்துப்படுற இடத்தில விடுங்கோ. கைக்குச் சூடு தெரிஞ்சா நிப்பாட்டுங்கோ. ஏறி முடியிற நேரம் செல்லுக்கு 1.7க்கு மேல போய் நல்லாக் குமிழி விட்டா நிக்கல் இரும்புப் பக்கம் சாயலாம், 1.5, 1.6ஓட நிண்டா கட்மியமா இருக்கலாம். நிறைச்சு ஒரு மாசம் சும்மா வைச்சுப் பாத்தா இன்னும் தெளிவாத் தெரியும், நிக்கல் இரும்பு எண்டா கனக்க வடிஞ்சிருக்கும்.

கறுப்பு 0.3இல வருசக்கணக்கா கிடந்ததெண்டா முடிஞ்சுது, லைற்றையும் பெட்டியையும் காட்சிக்கு வைச்சிருங்கோ. அசிற்றை வளவுக்குள்ள ஊத்திப்போடாதேங்கோ, எங்கட நிலம் சுண்ணாம்புக்கல்லு, ஊத்தினது கிணத்துக்குத்தான் போகும். சுன்னாகத்தில கிணறுகளில எண்ணெய் கலந்து ஊர் பட்ட பாடு தெரியும்தானே. பழைய பற்றரி எடுக்கிற கடையில ஈயத்தோட குடுங்கோ.

ஸ்காபரோவாசி:
இன்னொண்டு. வயரில கறண்ட் விட முதல் அதின்ர றப்பரை வளைச்சுப் பாருங்கோ, வெடிச்சிருந்தா மாத்தோணும், செல் நல்லா எழும்பினா சோட் ஆகி வயரையே எரிச்சுப்போடும். கன லைற்றுகளில சார்ஜ் பண்ணுறதே தலைப்பக்கத்தாலதான், லைற்றுக்குப் பின்னால ரெண்டு தொடுப்பு இருக்கும், அந்த வயருக்குள்ளாலதான் பற்றரிக்குக் கறண்ட் போறது. நீங்கள் அதைப் பாவிக்காமல் நேர செல்லின்ர முனையிலயே கொழுவுங்கோ. குமிழ் 4 வோல்ற் எண்டா மூண்டு நிக்கல் செல்லுக்குச் சரியா வரும், கொஞ்சம் மஞ்சளா எரியும். லேபிளைப் படம் எடுத்துப் போடுங்கோ, அமைச்சின்ர பேர் தெரிஞ்சா வருசத்தைச் சொல்லிப்போடலாம்.