சோதனை அலகு எது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

இரவு வகுப்பு:
பகலில் வேலை, இரவில் பகுதிநேரப் பட்டப்படிப்பு. இந்தப் பருவத்தில் சோதனை வடிவமைப்பு பாடம் ஓடுகிறது. போன வாரம் வந்த ஒரு கணக்கு வகுப்பையே இரண்டாக்கிவிட்டது. ஒரு ரொட்டிக் கடையில் மூன்று அடுப்புச் சூடு, இரண்டு வகை மாவு. ஒவ்வொரு சேர்க்கைக்கும் 4 தடவை, தனித்தனியாகப் பிசைந்து தனித்தனியாகச் சுடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் 5 பன் எடுத்து உயரம் அளக்கிறார்கள். காரணிகள், அதாவது நாமே மாற்றிப் பார்ப்பவை, இரண்டு: சூட்டுக்கு 3 நிலை, மாவுக்கு 2, ஆக 6 ட்ரீட்மெண்ட் (சேர்க்கை), அளப்பது உயரம். இதுவரை சண்டை இல்லை. சோதனை அலகு, அதாவது ஒரு ட்ரீட்மெண்டைத் தனியாகப் பெறும் மிகச் சின்னப் பொருள், எத்தனை என்றதும் பாதிப் பேர் 120 என்றார்கள், மீதிப் பேர் 24. விரிவுரையாளர் 24தான் என்றார். சூட்டையும் மாவையும் பன் பன்னாகவா மாற்றினார்கள், ஒரு தடவை சுடுவதற்கு மொத்தமாகத்தானே என்று கேட்டதும் வகுப்பு அடங்கிவிட்டது. வேலையிடத்தில் இது எப்படி வருகிறது? அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்களேன்.

உட்லண்ட்ஸ் வேஃபர்:
தம்பி, உங்கள் பன் எங்கள் ஆலையில் வேஃபர், சிப் செய்யும் மெல்லிய சிலிக்கன் வட்டத் தகடு. சிலிக்கன் மேல் ஆக்சைடு படலம் வளர்க்கும் உலையில் ஒரே ஓட்டத்தில் ஏகப்பட்ட வேஃபர் போகும். 900 டிகிரி நல்லதா 950 நல்லதா என்று பார்க்க வேண்டியிருந்தது. கூடவே, முன்சுத்தம் செய்வதற்கு இரண்டு முறை. சுத்தத்தை ஒவ்வொரு வேஃபருக்கும் தனியாக மாற்றலாம். சூட்டை அப்படி மாற்ற வழியில்லை, உலைக்கே மாற்ற வேண்டும்.

புதிதாகச் சேர்ந்த பொறியாளர் கொண்டுவந்த எக்செல் கோப்பில் 216 வரிசை இருந்தது. 6 ஓட்டம், ஓட்டத்துக்கு 4 வேஃபர், வேஃபருக்கு 9 புள்ளியில் தடிமன். மென்பொருளுக்கு என்ன தெரியும்? 216 தனித்தனி அளவு என்று எடுத்துக்கொண்டு, சூட்டுக்குப் பி மதிப்பை, அதாவது சூட்டால் மாற்றமே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பை, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டியது. கூட்டத்தில் எல்லோர் முகத்திலும் சிரிப்பு. ஆனால் சூட்டைப் பொறுத்தவரை இருந்தது 6 அலகுதான், 900இல் 3 ஓட்டம், 950இல் 3 ஓட்டம். சுத்தத்துக்கு அலகு வேஃபர், அது 24. அந்த 9 புள்ளிகள் எதற்குமே அலகு இல்லை, வெறும் அளவுகள். ஒரே சோதனைக்குள் இப்படி இரண்டு அளவில் அலகு இருந்தால் அதற்கு ஸ்பிளிட் பிளாட் என்று பெயர். வயலில் பிறந்த முறை அது. பெரிய பாத்திக்கு ஒன்றை மாற்றி, பாத்தியைத் துண்டு போட்டு இன்னொன்றை மாற்றுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. வாயு நுழையும் பக்கத்தில் நிற்கும் வேஃபருக்கும் மறுகோடியில் நிற்பதற்கும் தடிமன் ஒன்றுபோல் வராது. அதனால் எந்த வேஃபர் எந்த இடுக்கில் என்று குலுக்கிப் போட்டுப் பட்டியல் தருவோம். இரவு ஷிப்டில் பெட்டியில் இருந்த வரிசைப்படியே அடுக்கிவிடுவார்கள், அது தனிக் கதை.

யீஷூன்வாசி:
கொசு கதை சொல்லவா? வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஆண் கொசுக்களை 2016இல் சிங்கப்பூரில் முதலில் விட்டுப் பார்த்த இடங்களில் எங்கள் யீஷூனும் ஒன்று. ஆண் கொசு கடிக்காது. வெளியே இருக்கும், டெங்கி பரப்பும் பெண் ஏடிஸ் கொசு அதனோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு இதைப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

பிறகு பெரிய அளவில் நடத்திய சோதனையின் திட்டத்தைப் படித்தேன். ஏறத்தாழ 722,000 குடியிருப்பாளர்கள், 1,713 அடுக்குமாடி புளோக்குகள். எண்ணைப் பார்த்ததும் அலகு மனிதரா, புளோக்கா என்றுதான் மனம் போகும். இரண்டும் இல்லை. மொத்த இடத்தையும் 15 வட்டாரங்களாகப் பிரித்து, குலுக்கலில் 8க்குக் கொசு, 7க்கு ஒன்றுமில்லை. ஆக அலகு 15. காரணி ஒன்று, நிலை இரண்டு. ஆய்வகத்தில் உறுதியான டெங்கி எண்ணிக்கை விளைவு மாறிகளில் ஒன்று. யாருக்கு எது என்பதை மறைக்கவும் இல்லை. இந்த 15 கொஞ்சம்தானே என்று குறை சொல்பவர்களை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு வீட்டுக்கு மட்டும் கொசு விட்டு எதிர்வீட்டுக்கு விடாமல் இருக்க முடியுமா? பறக்கிற பொருளுக்கு இதைவிடச் சின்ன அலகு கிடையாது. அப்படியும், இங்கே குடியிருந்து வேறு வட்டாரத்தில் வேலை பார்ப்பவருக்கு எங்கே கொசு கடித்தது என்ற சிக்கல் இருக்கவே செய்கிறது.

துணைப்பாட ஆசிரியர்:
சின்னதாக ஒன்று. என் மாணவர்கள் அலகைத் தேடுவதற்கு முன்னாலேயே வழி தவறுவது வேறொரு இடத்தில். அதிகம் தூங்கும் பிள்ளைகள் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள் என்று கணக்கு சொல்லும். உடனே தூக்கம் காரணி, மதிப்பெண் விளைவு என்று எழுதிவிடுவார்கள். தூக்கத்தை யாராவது பங்கு பிரித்துக் கொடுத்தார்களா? பிள்ளைகள் அவரவர் இஷ்டத்துக்குத் தூங்கினார்கள். அது சோதனையே இல்லை, வெறும் கவனிப்பு.

பொங்கோல் தாத்தா:
இந்தப் பாடத்துக்கெல்லாம் பெரியவர் ரொனால்ட் ஃபிஷர். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் நிலையத்தில் 1919இல் சேர்ந்தவர். பால் முதலில் ஊற்றியதா, தேநீர் முதலில் ஊற்றியதா என்று குடித்தே சொல்வேன் என்ற ஒரு பெண்மணியின் கதையை 1935இல் வந்த தன் புத்தகத்தில் எழுதினார். 8 கோப்பை, நாலு இப்படி, நாலு அப்படி. நாலைத் தேர்ந்தெடுக்க 70 வழி. குருட்டாம்போக்கில் எல்லாம் சரியாக வர 70இல் ஒரு வாய்ப்பு.

என் மனைவிக்கும் அந்தப் பெருமை உண்டு என்பதால் ஞாயிற்றுக்கிழமை பேத்தியை வைத்து நடத்தினோம். அலகு கோப்பை, காரணி ஊற்றும் வரிசை, விளைவு பாட்டியின் வாய்ச்சொல். கோப்பைகளின் வரிசையை பேத்தி அட்டை குலுக்கி முடிவு செய்தாள். நாலு கோப்பை கண்ணாடி, நாலு பீங்கான் என்று எடுத்து வைத்தவளை நான்தான் தடுத்தேன். பால் முதலில் ஊற்றியதெல்லாம் பீங்கானில் போய்விட்டால் பாட்டி கண்டுபிடித்தது பாலையா பீங்கானையா என்று யார் சொல்வது? முடிவைக் கேட்காதீர்கள், இன்னும் வீட்டில் வழக்கு ஓடுகிறது.

இரவு வகுப்பு:
உட்லண்ட்ஸ் அக்கா, ஒரு சந்தேகம். உலை நேரம் கிடைக்கவில்லை, சூட்டுக்கு ஒரே ஓட்டம்தான் என்றால்? வேஃபரை நூறாகக் கூட்டினால் சரியாகிவிடாதா?

உட்லண்ட்ஸ் வேஃபர்:
ஆகாது தம்பி. சூட்டுக்கு ஒரே ஓட்டம் என்றால், அன்றைக்கு உலை எப்படி ஓடியது என்பதையும் சூட்டையும் பிரிக்கவே முடியாது. நூறு வேஃபர் போட்டாலும் அதே ஒரு ஓட்டம்தான். சுத்த முறைகளை ஒப்பிட மட்டும் அந்த நூறு உதவும். மேலாளரிடம் வேஃபர் கேட்காதீர்கள், உலை நேரம் கேளுங்கள். தரமாட்டார், ஆனாலும் கேளுங்கள்.