42 வயதில் தையல்: காரைக்குடிப் பக்கம் யாராவது சொல்லித் தருவார்களா?

வணக்கம். ஆச்சியின் கால்மிஷினுக்கு எண்ணெய் போட்டு, பெல்ட் மாற்றி ஓட வைத்துவிட்டேன். நேர்த்தையல் வருகிறது, தலையணை உறை இரண்டு தைத்தேன். அப்புறம் பழைய ரவிக்கையைப் பிரித்து அளவு வைத்து வெட்டினேன். தையலுக்கு விடவேண்டிய அரை அங்குலத்தை மறந்ததில் கைக்குழி இறுகி, கையைத் தூக்கவே முடியவில்லை. அதுவும் கண்டாங்கிச் சேலைக்கென்று தேடி வாங்கிய துணி! (பழந்துணியில் பழகியிருக்க வேண்டும், தெரியும்.)

யூடியூப் பார்க்கிறேன். ஆனால் கட்டிங் மட்டும் ஆள் பக்கத்தில் இருந்து சொன்னால்தான் மண்டையில் ஏறுகிறது. எனக்கு வேலை முடிய மாலை 5 மணி ஆகிவிடும். காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையோ சொல்லித் தரும் அக்கா யாராவது இருக்கிறார்களா? மாதம் எவ்வளவு வாங்குவார்கள்?

இன்னொன்று: மேல்நூல் டென்ஷனைத் திருகியும் அடியில் நூல் முடிச்சு முடிச்சாக விழுகிறது. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.